ஆயுத பூஜையன்று ஓடிய உப்பு

முதலில் என் முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்கள் மற்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதற்குள் நானே சொல்வதுதான் மரியாதை. அன்று காலை நான் உறுதியாக நம்பியது இது: ஆயுத பூஜைக்கு மெஷினைக் கழுவுகிறேன் பேர்வழி என்று எங்கள் ஆட்கள் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றி, எங்கோ கடலுக்கடியில் இருந்து எடுத்து வந்த உப்பைக் கரைத்துவிட்டார்கள். நம்பினேன் என்பது சின்னச் சொல். கோர்ட்டில் கூண்டேற்றிச் சத்தியம் செய்யச் சொல்லியிருந்தாலும் செய்திருப்பேன்.

கும்மிடிப்பூண்டியில் உள்ள நம் பாறைச் சோதனைக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு அங்கிருந்து வெளியே வந்தவன். ஐம்பத்து மூன்று வயதில் என் உடம்பில் நேரம் தவறாமல் வேலை செய்தது ரத்த அழுத்தம் ஒன்றுதான். மெஷினை எப்படி ஓட்டுவது என்று கையேடு சொல்லும். பயம் வந்தால் என்ன செய்வது என்று சொல்லாது. அந்தத் துறையில் எனக்கு அனுபவம் அதிகம்.

உப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நிலத்துக்கடியில் இருக்கும் உப்பு பார்க்கக் கல் மாதிரி இருக்கும், கல் மாதிரி நடந்துகொள்ளாது. ஏதோ ஒரு காலத்தில் ஒரு கடல் வற்றிக் கனமான உப்புப் படுகை உண்டாகியிருக்கும். அதன்மேல் ஆறுகள் மணலையும் சேற்றையும் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கும். சேறு பாரத்தில் இறுக இறுகக் கனக்கும். உப்பு அப்படி இறுகாது, லேசாகவே இருக்கும். கனமானது மேலே, லேசானது கீழே என்றால் கீழே இருப்பது எத்தனை நாள் சும்மா இருக்கும்? ஜி.என்.டி. ரோட்டில் நம் கேட்டுக்கு எதிரே பரோட்டா மாஸ்டர் எண்ணெய் தடவிய மாவின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்துவார் பாருங்கள், விரலிடுக்கில் மாவு பிதுங்கி மேலே வரும். அதேதான். மாஸ்டருக்கு ஒரு நொடி ஆவது உப்புக்குப் பல லட்சம் வருஷம் ஆகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிதுங்கிய உப்பு சில இடங்களில் சுவராக எழும், சில இடங்களில் தலை பருத்த காளானாக எழும். உப்பு கிளம்பிப் போன இடம் பள்ளமாக இறங்கும். அந்தப் பள்ளத்தில் இன்னும் மணல் வந்து விழும், பாரம் கூடும், உப்பு இன்னும் ஓடும். எழுகிற உப்பு பக்கத்து மணற்படுகைகளின் விளிம்பைத் தூக்கிவிடும். கீழேயிருந்து ஊர்ந்து வருகிற எண்ணெய் அந்தச் சரிவில் ஏறி, உப்புச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். உப்பில் நுழைய அதற்கு ஓட்டை கிடையாது. எண்ணெய் தேடுகிறவர்கள் உப்பைத் தேடிப் போவது இதனால்தான்.

வம்பும் அங்கேதான். உப்பில் துளை போட்டால், அந்தத் துளையை உப்பு மூடப் பார்க்கும். லட்சக்கணக்கான வருஷம் பொறுமையாக இருந்தது, துளையைக் கண்டதும் அவசரப்படும். துளையிடும் குழாயைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டால் வெட்டி விட்டுவிட்டு வரவேண்டியதுதான். அதைத் தடுக்கத்தான் துளைக்குள் கனமான சேற்றுக்குழம்பை ஊற்றி வைப்பார்கள். நம் பாஷையில் மட். அது லேசாக இருந்தால் உப்பு குழாயைப் பிடிக்கும். ரொம்பக் கனமாக இருந்தால் பக்கத்துப் பாறை பிளந்து மட் எல்லாம் உள்ளே ஓடிவிடும், கிணறு கட்டுமீறிப் போகும். எவ்வளவு கனம் என்று முடிவெடுக்க, அந்த உப்பு எவ்வளவு வேகமாக ஓடும் என்று தெரியவேண்டும். அதைச் சொல்வதற்குத்தான் கும்மிடிப்பூண்டியில், இந்தப் பக்கம் இரும்பு ரோலிங் மில்லும் அந்தப் பக்கம் பெயின்ட் டப்பா கம்பெனியுமாக, நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

எனக்குத் தண்ணீர் மேல் ஏன் அப்படி ஒரு பீதி என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. நான் சேர்ந்த முதல் மாதம். கிணற்றிலிருந்து குடைந்தெடுத்த பாறை உருளை ஒன்று பெட்டியில் வந்தது. மேலெல்லாம் சேறு. சேறு இருந்தால் கழுவவேண்டும் என்பது என் வளர்ப்பு. குழாயடியில் பிடித்துச் சோப்பு போடாத குறையாகத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கப் பளபளத்தது. பளபளக்கப் பளபளக்கச் சிறுத்தது. பாறை இளைக்கிறதே என்று எனக்குச் சந்தேகம் வந்தபோது அது குளியல் சோப்பு அளவுக்கு வந்திருந்தது.

அப்போது எங்களுக்கு அதிகாரியாக இருந்த அம்மாள் வந்து பார்த்தார். திட்டவில்லை. மிச்சத்தை வாங்கி நாக்கு நுனியில் வைத்துப் பார்த்து, "உப்புதான்" என்றார். பிறகு ஒரு சீட்டைக் கொடுத்து, "பெட்டியில ஒட்டு. நடந்ததை எழுது. யார்னும் எழுது" என்றார். நான் எழுதினேன்: "மாதிரி கரைந்தது. கழுவியவர்: வாசு." அந்தச் சீட்டு பல வருஷம் அந்தப் பெட்டியில் இருந்தது. மிச்ச உப்புகூட ஈரத்தில் கசிந்து போனது, சீட்டு போகவில்லை. அதற்குப் பிறகு உப்பு உள்ள அறையில் யாராவது தண்ணீர் பாட்டிலைத் திறந்தால்கூட எனக்கு நெஞ்சு அடிக்கும்.

இனி ஆயுத பூஜைக்கு வருகிறேன்.

வேறொரு நாட்டுக் கடலில் ஒரு கிணறு உப்பின் தலையைத் தொட்டு நின்றிருந்தது. அந்தக் கிணற்று வேலையைப் பார்த்த பொறியாளர் நர்மதா, சென்னை அலுவலகத்திலிருந்து எங்களோடு பேசுவார். அதே உப்பிலிருந்து எடுத்த உருளை ஒன்றை எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். ஒன்றே ஒன்று. இன்னொன்று வர வாரக்கணக்கில் ஆகும். அதை ரப்பர் உறையில் போட்டு, அழுத்தும் மெஷினுக்கு நடுவில் நிறுத்தி, சுற்றிலும் சூடேற்றும் கவசம் மாட்டி, அறுபது டிகிரியில் வைத்திருந்தோம். பாரம் மாறக் கூடாது, சூடு மாறக் கூடாது, நிறுத்தக் கூடாது. உப்பு எவ்வளவு குட்டையாகிறது என்பதை டயல் சொல்லும், கம்ப்யூட்டர் கோடாகப் போடும். பன்னிரண்டு நாள் அந்தக் கோடு சாதுவாகப் படுத்துக் கிடந்தது.

பூஜைக்கு முந்தைய நாள் நம் தொழிற்பேட்டை முழுக்கத் தண்ணீர்தான் ஓடும், உங்களுக்குத் தெரியும். ரோலிங் மில்லில் ஹோஸ் பைப் வைத்து லாரியைக் கழுவுவார்கள். நம் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. நான் உப்பு அறையின் கதவில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டினேன்: தண்ணீர் கூடாது, கற்பூரம் கூடாது, பூசணிக்காய் கூடாது, யாரும் வரக்கூடாது. மறுநாள் காலை பூஜை. மூத்தவன் என்ற முறையில் நான் முன்னால் நடக்க, தட்டு பின்னால் வர, ஒவ்வொரு மெஷினாகச் சுற்றிவந்தோம். சுண்டலில் முதல் பொட்டலமும் எனக்குத்தான். மத்தியானம் வீட்டுக்குப் போனோம். அடுத்த நாள் விஜயதசமி விடுமுறை.

அதற்கடுத்த நாள் மூன்று மணிக்கு நர்மதாவுக்கு உப்பு ஓடும் வேகத்தை எண்ணாகச் சொல்லவேண்டும். காலையில், இங்கே பக்கத்தில் இருக்கும் ஆரணியிலிருந்து பஸ் பிடித்து வந்து, பேனாவைத் திறந்துகொண்டே போய் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். சாதுவாகப் படுத்திருந்த கோடு பூஜையன்று மத்தியானத்திலிருந்து எழுந்து ஓடியிருந்தது. பன்னிரண்டு நாளில் குட்டையானதைவிட அதிகமாக இரண்டே நாளில் உப்பு குட்டையாகியிருந்தது.

தண்ணீர் என்று மனசு சொன்னது. சொன்னதோடு நிற்காமல் சாட்சியும் தேடிக் கொடுத்தது. மெஷினின் இரும்புக் காலில், கவசத்துக்கு நேர் கீழே, வெள்ளையாக ஒரு கோடு வழிந்து காய்ந்திருந்தது. கரைந்த உப்பு வெளியே வந்து காய்ந்த தடம் என்று முடிவே கட்டிவிட்டேன். மண்டியிட்டு, விரலால் சுரண்டி, நாக்கில் வைத்தேன். பத்தாது என்று இன்னொரு முறையும் வைத்தேன்.

பின்னால் ஸ்டெல்லாவின் குரல் கேட்டது. ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருகிறவர். மெஷின்களைப் பார்த்துக்கொள்வது அவர்தான்.

"இன்னா சார், காலைல நாஷ்டா துன்னலையா? மெஷினை நக்கிகினு கீறீங்க."

"உப்பு வெளிய வழிஞ்சிருக்கு ஸ்டெல்லா."

"அது துன்னூறு சார்."

திருநீறுதான். அதில் உப்பும் கலந்திருக்கலாமே என்று கொஞ்ச நேரம் வாதாடினேன். பிறகு குரலைக் கடுமையாக்கிக்கொண்டு, "யார் இங்க தண்ணி ஊத்துனது?" என்றேன்.

"யாரும் ஊத்தல. நாங்க யாரும் உள்ளவே வர்ல சார். கதவுல நீங்க ஒட்டுன பேப்பருக்கு ஒரு பொட்டு வெச்சுட்டு நகர்ந்துட்டோம். அப்படியே ஊத்தியிருந்தாலும் உப்புக்குள்ள எப்படிப் போவும்? ரப்பர் உறை போட்டதே நீங்கதான்."

"அப்ப துன்னூறு எப்படி வந்தது?"

ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். டயலைப் பார்த்தார். "அது அப்பால பாத்துக்கலாம் சார். மொதல்ல மெஷினைப் பாக்கலாம்" என்றார்.

நான் மெஷினைப் பார்க்கவில்லை. நாற்காலியில் போய் விழுந்தேன். பயந்தவனுக்கு முதலில் தேவைப்படுவது எழுதுவதற்கு ஒரு மெயில். இரண்டு எழுதினேன். முதல் மெயில்: உங்கள் உப்பு காட்டுத்தனமாக ஓடுகிறது, மட்டின் கனத்தை உடனே கூட்டுங்கள். இரண்டாவது: மாதிரி கெட்டுவிட்டது, மன்னிக்கவும், வேறு அனுப்புங்கள். முதலாவதை அனுப்பி அது தப்பாகப் போனால் கடலில் பாறை பிளக்கும், அதற்கு மேலே ரிக் என்கிற துளையிடும் மேடையில் ஆட்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள். இரண்டாவதை அனுப்பினால் கிணறு வாரக்கணக்கில் வாய் பிளந்து நிற்கும், நமக்கு அடுத்த உருளையை யாரும் அனுப்பமாட்டார்கள். நான் ஒரு கண்ணால் ஒன்றையும் மறு கண்ணால் மற்றதையும் பார்த்துக்கொண்டிருந்தபோது நர்மதாவே கூப்பிட்டார்.

"சார், மூணு மணிக்கு வந்துடும்ல? ரிக்ல எல்லாரும் உங்க எண்ணுக்குத்தான் வெயிட் பண்றாங்க."

"ஆல்மோஸ்ட் ரெடி மேடம்" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் நடுங்காமல் சொன்னது அது ஒன்றுதான்.

முதல் மெயிலை அனுப்பிவிடுவது என்று தீர்மானித்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். கனம் கூட்டுவது பாதுகாப்பான பக்கம் என்று தோன்றியது. பயந்த நேரத்தில் எந்தப் பக்கம் பாதுகாப்பு என்று தோன்றுகிறதோ அந்தப் பக்கத்தை ஒரு முறைக்கு இரண்டு முறை சந்தேகப்படுங்கள். விரல் பொத்தானுக்கு மேல் நிற்கும்போது எலக்ட்ரீஷியன் முனிரத்தினம் உதட்டைத் துண்டால் பொத்திக்கொண்டு வந்தார். நம்மிடம் வருவதற்கு முன் பத்து வருஷம் ரோலிங் மில்லில் வேலை பார்த்தவர்.

"சார், ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது."

"நான் ஏற்கெனவே கோபமாத்தான் இருக்கேன் முனிரத்தினம். சொல்லுங்க."

"இந்த மெஷினுக்கு இன்னிக்கு இன்னா ஆச்சு? உதடு பொத்துப் போச்சு."

"மெஷினுக்கும் உங்க உதட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

முனிரத்தினம் ஸ்டெல்லாவைப் பார்த்தார். ஸ்டெல்லா, "சொல்லிடுண்ணா, பேஜாரு வேணாம்" என்றார்.

"டெய்லி டீ கிளாஸை அந்தக் கவசத்து மேல வெச்சு வெச்சுத்தான் சார் குடிப்பேன். ஆறாது. கரீட்டா இருக்கும். இன்னிக்கு வாயில வெச்சா கொப்புளம்."

சோதனை அறையில் டீ கொண்டுவந்ததற்காக நான் அவரைக் கிழித்திருக்கவேண்டும். அதற்காக வாயையும் திறந்தேன். ஸ்டெல்லா எனக்கு முன்னால் பேசிவிட்டார். "அண்ணா, அறுபதுன்னுதானே காட்டுது அதுல?"

"காட்டறது அறுபது. கிளாஸ் அப்படிச் சொல்லலை" என்றார் முனிரத்தினம். "மில்லுல மீட்டரை நம்பி நின்னதில்ல சார். கம்பி நிறத்தைப் பாத்துத்தான் ரோலர்ல வுடுவோம். சூடு ஏறுனா இரும்பே ஓடும். உப்பு இன்னா பெரிய உப்பு?"

நான் மெயிலிலிருந்து விரலை எடுத்தேன். பதினைந்து வருஷமாக உப்பைப் பற்றிப் புதியவர்களுக்கு வகுப்பு எடுத்தவன் நான். சூடு கூடினால் உப்பு வேகமாக ஓடும் என்பது என் முதல் வகுப்பின் முதல் பத்து நிமிஷம். அது எனக்கு அன்று ஞாபகம் வரவில்லை. டீ குடிக்கிறவருக்கு உதட்டில் வந்தது.

மூன்று பேரும் மெஷினருகே போனோம். கவசத்தின் தோளில் கனமான சாமந்தி மாலை வாடித் தொங்கியது. முனிரத்தினம் மாலையை மெல்லத் தூக்கினார். அதன் அடியில், சூட்டை அளக்கும் சென்சாரின் வயர் மாலையோடு இழுபட்டு, முனை தன் ஓட்டையிலிருந்து இரண்டு விரல் வெளியே வந்து காற்றில் நின்றது. விஷயம் அவ்வளவுதான். சென்சார் வெளிக்காற்றைத் தொட்டு, குளிர்கிறது குளிர்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஹீட்டர் பாவம், அதை நம்பி, வெளியே நிற்கும் முனையில் அறுபது வரும்வரை இரண்டு நாளாக எரித்துத் தள்ளியது. திரையில் அறுபது. உள்ளே உப்புக்கு வேறு கதை.

எனக்கு ஆறுதலில் கை முந்திக்கொண்டது. சென்சாரை உள்ளே தள்ளப் போனேன்.

"சார், தொடாதீங்க" என்றார் ஸ்டெல்லா. "மொதல்ல உள்ள எவ்ளோன்னு பாத்துக்கலாம். தள்ளிட்டா அது போயிடும்."

இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கோளாறு தெரிந்ததும் சரிசெய்யக் கை பரபரக்கும். சரிசெய்த பிறகு, அது எந்த அளவுக்குக் கோளாறாக இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்தில் உள்ள இன்னொரு ஓட்டையில் வேறு தெர்மாமீட்டரை விட்டுக் காத்திருந்தோம். எண்பத்தெட்டு. ஸ்டெல்லா அதைக் குறித்தார், மாலையோடு சேர்த்துப் படமும் எடுத்தார். அதன் பிறகுதான் சென்சாரை உள்ளே தள்ளினோம்.

இரண்டு மெயிலையும் அழித்துவிட்டு நர்மதாவைக் கூப்பிட்டேன். இந்த முறை குரல் நடுங்கியது, ஏனென்றால் உண்மையைச் சொல்லவேண்டியிருந்தது.

"மேடம், எங்க பக்கம் ஒரு தப்பு நடந்திருக்கு. ரெண்டு நாளா மாதிரி சூடாயிடுச்சு."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் என் ரத்த அழுத்தம் கேட்டது.

"எந்த நாள் வரைக்கும் நம்பலாம் சார்?"

"பூஜையன்னைக்குக் காலை வரைக்கும். பன்னெண்டு நாள் கோடு சுத்தமா இருக்கு."

"அப்ப அந்த எண் போதும் சார். மூணு மணிக்குள்ள அனுப்புங்க." பெருமூச்சு விட வாயைத் திறந்தேன். அவர் விடவில்லை. "எவ்ளோ சூடு போச்சுன்னு சொன்னீங்க?"

"எண்பத்தெட்டு."

"அதுல எவ்ளோ வேகமா ஓடுச்சு?"

சொன்னேன். அதைத் திருப்பிச் சொல்லிக் குறித்துக்கொண்டார். பிறகு மெதுவாகப் பேசினார். "நாங்க உப்போட மேல்பக்கத்துச் சூட்டுக்கு மட்டும்தான் டெஸ்ட் கேட்டிருக்கோம் சார். அடியில போனா கிட்டத்தட்ட நீங்க சொல்ற சூடுதான். அங்க இவ்ளோ ஓடும்னா இந்த மட் எடையில அடிவரைக்கும் போகக் கூடாது. பாதியோட நிறுத்தச் சொல்றேன். இன்னொரு உருளை அனுப்பறேன், அதை ஒழுங்கா இந்தச் சூட்டுலயே வெச்சுப் பாருங்க. மாலை போடாம."

கவசம் ஆற ஆற அன்று சாயங்காலத்துக்குள் கோடு மறுபடி படுத்துவிட்டது. பழைய சரிவுக்கு ரொம்பக் கிட்டே. உப்பு கரையவுமில்லை, கெடவுமில்லை. கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறது, கேள்வியை மாற்றியது நாங்கள்தான். நான் இரண்டு டீ வாங்கிவரச் சொல்லி, கேட்டுக்கு வெளியே நின்று இரண்டையும் நானே குடித்தேன். ரோலிங் மில் சங்கு ஊதியது எனக்காக ஊதினமாதிரி இருந்தது.

பிறகு வந்த உருளையை எண்பத்தெட்டில் வைத்துச் சோதித்தோம். அந்த எண்ணை வைத்து அடிப்பகுதிக்குக் கனமான மட் மாற்றினார்கள். சில வாரம் கழித்து நர்மதாவிடமிருந்து ஒரே வரியில் செய்தி வந்தது: "உப்பைத் தாண்டியாச்சு சார், குழாய் எங்கேயும் மாட்டலை."

ஆனால் அந்தச் சாயங்காலம் ஒரு வேலை பாக்கி இருந்தது. ஆபத்து நீங்கியதும் எனக்கு அதிகாரியின் தோரணை திரும்பிவிட்டது. எல்லாரையும் வரச்சொல்லி, பூஜையில் மிஞ்சிய பொரியை மேஜையில் வைத்து, விசாரணையை ஆரம்பித்தேன். என் தாளை மீறி உள்ளே போய் மாலை போட்டது யார்?

"நான் சர்ச்சுக்குப் போறவ சார். சுண்டல் துன்னதோட சரி" என்றார் ஸ்டெல்லா.

"நான் டீ கிளாஸ் கேஸ்ல ஏற்கெனவே மாட்டிகினேன்" என்றார் முனிரத்தினம். "இதுல என்னைச் சேக்காதீங்க."

மற்றவர்கள் பொரியைப் பார்த்தார்கள். இது ஒழுங்கு சம்பந்தப்பட்ட விஷயம், பெயர் தெரியாமல் விடமாட்டேன் என்று மேஜையைத் தட்டினேன். ஸ்டெல்லா ஃபோனை எடுத்து, பூஜையன்று நம் குரூப்பில் வந்த படங்களைத் தள்ளித் தள்ளி ஒன்றில் நிறுத்தி, என் முன்னால் வைத்தார்.

"காலைலயே சொல்லியிருப்பேன் சார். நீங்க நக்கிகினு இருந்தீங்க, மனசு வர்ல."

கதவுக்கு வெளியிலிருந்து எடுத்த படம். உப்பு அறைக்குள் ஒரே ஒரு ஆள். ஸ்டூல் மேல் ஏறி, வேட்டி முனையை இடுப்பில் செருகி, மெஷினுக்கு மாலையைச் சரிசெய்துகொண்டிருக்கிறார். திருநீற்றுத் தட்டு பக்கத்தில். வேறு யாரையும் நம்பாததால் அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் தானே எல்லாம் செய்தவர். பதினாலு மெஷினைச் சுற்றிவந்த களைப்பில், சுண்டலோடு அதை மறந்தும் போனவர்.

பதிவேட்டை எடுத்துவரச் சொன்னேன். அதில் அன்று எழுதியது இன்னும் இருக்கிறது, போய்ப் பாருங்கள்:

"தண்ணீர் புகவில்லை. மாதிரி கெடவில்லை. மாலையின் எடையால் சென்சார் வெளியே வந்தது, இரண்டு நாள் சூடு கூடியது. மாலை போட்டவர்: வாசு."